கத்திரி வெயிலில் தாத்தா பாட்டிக்கு என்ன வேலை? அவலூர்பேட்டை பக்கம் ஒரு கோடைக் கணக்கு!

"அப்பா, வெயில் ஜாஸ்தியா இருக்கு. எங்கயும் வெளிய போவாதப்பா."

"நான் எங்கப்பா போறேன்... வீட்லதான் கிடக்குறேன்."

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் அந்த போன் கால் முடிந்த அடுத்த நிமிடம், துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு மாட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுவார் அப்பா. விழுப்புரம் மாவட்டம், செஞ்சி பக்கத்தில் இருக்கும் அவலூர்பேட்டை சுற்றுவட்டாரத்தில் மட்டுமல்ல, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் எல்லாக் கிராமங்களிலும் கோடைதோறும் நடக்கும் நாடகம்தான் இது.

சில வீடுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பிள்ளைகள் பேச்சை அப்படியே கேட்டு, தகரக் கூரைக்குக் கீழே ஃபேனைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் படுத்தே இருப்பார் அம்மா. நடை கிடையாது, பேச்சு கிடையாது. கோடை முடிவதற்குள் முழங்கால் இறுகிப்போகும். மனசும் சோர்ந்துவிடும்.

வெயிலில் அலைவதும் ஆபத்து, இரண்டு மாதம் அசையாமல் கிடப்பதும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து பெரியவர்களின் பொழுதையே பறிக்க வேண்டியதில்லை, கடிகாரத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி வைத்தால் போதும். செஞ்சி வட்டாரத்து வாழ்க்கையிலேயே அதற்கான பாடம் இருக்கிறது.

பெரியவர்களை வெயில் ஏன் முதலில் தாக்குகிறது?

கத்திரி வெயில் எனப்படும் அக்னி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4-ல் தொடங்கி 28 வரை நீடிக்கும். சமவெளிப் பகுதியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, அது இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் 'வெப்ப அலை' என்று அறிவிக்கிறது இந்திய வானிலை ஆய்வு மையம். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. வெயில் என்பது வெறும் அசௌகரியம் அல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதற்கு அர்த்தம்.

இளம் வயதில் உடம்பு சூடானால் உடனே வியர்க்கும், தாகம் எடுக்கும். வயதாக ஆக இந்த இரண்டு எச்சரிக்கை மணிகளும் மெதுவாகத்தான் அடிக்கின்றன. உடலில் தண்ணீர் குறைந்த பிறகும் பெரியவர்களுக்குத் தாகமே தெரியாமல் இருக்கலாம். 'எனக்கு ஒண்ணும் தாகமா இல்லையே' என்று பாட்டி சொன்னால் அது பொய்யல்ல. ஆனால், அதை நம்பித் தண்ணீர் கொடுக்காமல் விடுவதுதான் தவறு.

போதாக்குறைக்கு மாத்திரைகள். பி.பி-க்காகவும் கால் வீக்கத்துக்காகவும் சாப்பிடும் நீர் மாத்திரை, உடலில் இருக்கும் நீரையும் உப்பையும் வெளியேற்றும். கோடையில் வியர்வையும் சேர்ந்துகொள்ளும்போது திடீரெனத் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. கோடை தொடங்கும்போதே, 'இந்த அளவு சரியா டாக்டர்?' என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், அதைக் கொண்டுவரும் தன்னார்வலரிடமே இந்தச் சந்தேகத்தைச் சொல்லி அனுப்பலாம்.

விடியற்காலை: ஊர் சுற்ற இதுதான் நேரம்

அவலூர்பேட்டை பக்கம் வயதானவர்கள் பலருக்கு விடியலுக்கு முன்பே விழிப்பு வந்துவிடும். அந்தப் பழக்கம்தான் கோடையில் பெரிய வரம். ஐந்தரையிலிருந்து ஏழரை வரை கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் நடை, பூப்பறித்தல், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுதல், வாரச் சந்தைக்குப் போய் வருதல் என எல்லா வெளி வேலையையும் முடித்துவிடலாம்.

65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் போட்டால் வாரம் ஐந்து நாள், தினம் அரை மணி நேர நடை. அதோடு விழாமல் நிற்க உதவும் சமநிலைப் பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது. சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பதுகூடப் பயிற்சிதான். சுகர் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இதே நேரம்தான். அவலூர்பேட்டை சித்தகிரி முருகன் கோயில் மலைமேல் இருக்கிறது. ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டால் விடியற்காலையில், துணையோடு, நின்று நிதானித்து ஏறலாம். மூச்சு வாங்குகிறதா? அங்கேயே உட்கார்ந்துவிடலாம். அடிவாரத்திலிருந்து கும்பிட்டாலும் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோயில் விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று, கருங்கல் தரை. காலை பத்து மணிக்கு மேல் அது தோசைக்கல் மாதிரி கொதிக்கும். நீண்ட நாள் சுகரால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அந்தச் சூடு உறைக்கவே உறைக்காது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் தெரியும். சுகர்காரர்களுக்கு அது ஆறாத புண்ணாக மாறவும் கூடும். வெயில் நேரத்தில் பிராகாரம் சுற்ற வேண்டியிருந்தால் விரிப்பு போட்ட பாதையில் மட்டும் நடக்க வேண்டும், அல்லது பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். அன்று இரவே பாதத்தைப் பார்த்துவிடுவதும் அவசியம்.

விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள், 'செஞ்சிக் கோட்டை பார்க்கணும்' என்பார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த கோட்டை ஆயிற்றே! மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் அறிவிக்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். சுமார் 800 அடி உயர ராஜகிரியில் ஏறுவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். தாத்தா பாட்டிக்குக் கீழேயே கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக் குளம், வேங்கடரமணர் கோயில் என்று பார்க்க நிறைய இருக்கிறது. தேசிங்கு ராஜன் கதையை அங்கே உட்கார்ந்து தாத்தா சொன்னால், வேறு கைடு எதற்கு? வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டும் கறார் விதி. குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ளவும்.

உச்சி வெயில்: நிழலில் நடக்கும் வேலைகள்

பதினொரு மணியிலிருந்து மூன்றரை வரை வெளியே தலைகாட்டக் கூடாது. அதற்காக அந்த நேரத்தைத் தூங்கித்தான் கழிக்க வேண்டும் என்றில்லை.

இந்தப் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மானாவாரி விதைப்பு வருவதற்கு முன் விதைக்கான மல்லாட்டையைப் பருப்பு உடையாமல் கையால் உரித்தெடுக்க வேண்டும். அதில் பாட்டிகளின் விரல்களுக்கு இணை கிடையாது. திண்ணையிலோ வேப்ப மரத்தடியிலோ நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தால் விரலுக்கு வேலை, வாய்க்குக் கதை. 'என்னால இன்னும் வீட்டுக்கு ஒரு வேலை ஆகுது' என்ற நிம்மதியும் அதில் கிடைக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்காது.

வடகம் போடுவதும் கோடை வேலைதான். கூழை முந்தின நாளே காய்ச்சி வைத்துவிட்டால், விடிந்ததும் மாடியில் பிழிந்துவிட்டு ஏழு மணிக்குள் கீழே இறங்கிவிடலாம். காக்கா விரட்டுவதும் சாயங்காலம் எடுத்து வைப்பதும் பேரப்பிள்ளைகள் பொறுப்பு. அவர்களும் தலையில் துணியோடு நிழலில் இருந்தபடி காவல் காக்கட்டும். வெயிலில் காய வேண்டியது வடகம்தான், பாட்டியோ பேத்தியோ அல்ல!

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்கலாம். பதினாலு குழி, ஒரு படி புளியங்கொட்டை, அவ்வளவுதான் செலவு. எண்ணிப் போடும்போது விரலுக்கும் ஞாபகத்துக்கும் பயிற்சி. தாயக்கட்டை உருட்டினால் வீடே இரண்டு அணியாகிவிடும். மூன்று புலி, பதினைந்து ஆடு என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம் தொடங்கினால், செல்போன் கேம் ஆடும் பேரனைத் தாத்தா சுலபமாக மடக்கிவிடுவார். தரையில் உட்கார முடியாதவர்களுக்குக் கட்டிலையோ ஸ்டூலையோ மேஜையாக்கிக்கொள்ளலாம்.

அந்த செல்போனுக்கும் ஒரு நல்ல வேலை உண்டு. பாட்டி பாடிய தாலாட்டு, நடவுப் பாட்டு, கொள்ளுத்தாத்தா பெயர், ஊர் ஏரியின் பழைய பெயர், எந்த வருஷத்து வெள்ளத்தில் எந்தக் கரை உடைந்தது... தினம் பத்து நிமிடம் வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்து வையுங்கள். கோடை முடியும்போது உங்கள் குடும்ப வரலாறே கையில் இருக்கும்.

பாரதம் கேட்டல்: மண்ணுக்கே உரிய கோடைப் பொழுது

வெயில் காலத்துப் பெரியவர்களுக்கென்று செஞ்சி வட்டாரம் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்றே ஒன்றைச் சொல்லலாம். அதுதான் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா. செஞ்சிக்கு அருகே உள்ள மேலச்சேரி கோயிலைத் திரௌபதி வழிபாட்டின் மூலக்கோயில் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டைத் தேடி இங்கே வந்து, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று தலைப்பிலேயே சொல்லி 1988-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்.

சித்திரை, வைகாசியில் சுற்றுவட்டார ஊர்களில் நடக்கும் இந்த விழாக்களின் நேரக் கணக்கைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். பிற்பகலில் பந்தல் நிழலில் பாரதப் பிரசங்கம். வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார்கள். வெளியே வெயில் கொளுத்தும் நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்து கதை கேட்பார்கள். அதே கதை இரவில் தெருக்கூத்தாக விடிய விடிய நடக்கும். தினம் நாலு பேரைப் பார்க்கலாம், பேசலாம். கதை தெரிந்த கதைதான், ஆனாலும் அடுத்து என்ன என்று காத்திருக்கலாம். வீட்டுக்குள் தனியாகக் கிடக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல மருந்து எது?

பெரியவர்களைப் பாரதம் கேட்க அனுப்புங்கள், சில ஏற்பாடுகளோடு. பந்தலுக்குப் போகும்போதும் வரும்போதும் குடை வேண்டும். முதுகு சாய ஒரு நாற்காலி, கையில் ஒரு பாட்டில் தண்ணீர். இரவுக் கூத்துக்குப் போவதென்றால் பகலில் ஒரு தூக்கம் போட்டுவிட வேண்டும். விடிய விடியக் கண்விழிக்க முடியாதவர்கள், பிடித்த கட்டம் எப்போது வரும் என்று கேட்டுவைத்து அதை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். அர்ச்சுனன் தபசையும் துரியோதனன் படுகளத்தையும் காணத் திரள்கிற கூட்டத்தில் நெரிசலும் வெயிலும் சேர்ந்தே இருக்கும். ஓரமாக, நிழலாக ஓர் இடத்தை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். தீமிதியைப் பொறுத்தவரை, பாதம் மரத்த சுகர்காரர்கள் தள்ளி நின்று கும்பிடுவதே நல்லது.

மாலையும் இரவும்

'சாயங்காலம் நாலு மணி ஆயிடுச்சே' என்று கிளம்பிவிடக் கூடாது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறைக் குன்றுகளும் தார்ச் சாலையும் கான்கிரீட் சுவரும் அந்த நேரத்தில்தான் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். ஐந்தரைக்கு மேல் டீக்கடை பெஞ்ச், நூலகம், ஏரிக்கரை என்று போகலாம்.

இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு மாதம் இரண்டு இரவுகள் முக்கியம். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம். இரண்டுமே வெயில் இல்லாத இரவு நேரத்தில் நடப்பவை என்றாலும் கூட்டம் அதிகம், காற்று குறைவு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். சித்ரா பௌர்ணமி அன்று நெரிசல் பன்மடங்காகும். முழுச் சுற்று முடியாதவர்கள் கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில், தங்களால் முடிந்த தூரம் நடந்துவிட்டு மீதியை ஆட்டோவில் சுற்றலாம். சட்டைப் பையில் பெயர், பிள்ளைகளின் போன் நம்பர், நோய், மாத்திரை விவரம் எழுதிய ஒரு சீட்டு அவசியம்.

வெளியூர்ப் பயணம் என்றாலே பாட்டிகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள். வழியில் கழிப்பறை இருக்காதே என்ற பயம்தான் அது. கோடையில் அவர்களை மயக்கத்தில் தள்ளுவதும் பல நேரம் இந்தப் பயம்தான். எங்கே போனாலும் வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை முதலில் விசாரித்துச் சொல்லிவிடுங்கள். பிறகு அவர்களே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்.

குடிக்க, சாப்பிட

- தாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மணிக்கு ஒருமுறை அரை டம்ளராவது குடிக்கட்டும். இதயம், சிறுநீரகப் பிரச்னைக்காக டாக்டர் தண்ணீர் அளவைக் குறைத்திருந்தால், அந்த அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.
- நீர்மோர், கேழ்வரகுக் கூழ், வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு எல்லாம் நல்லவை. பி.பி இருப்பவர்கள் மோரில் உப்பையும் கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயையும் குறைக்க வேண்டும்.
- பதநீரில் சர்க்கரை உண்டு, சுகர்காரர்களுக்கு ஏற்றதல்ல. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.
- பேதி, வாந்தி என்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.
- இன்சுலின் போடுபவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையா? மருந்தை மூடிய டப்பாவில் போட்டு, அதை ஒரு சின்ன மண்பானையில் வையுங்கள். ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் அந்தப் பானையை இறக்கி நிழலில் வைத்தால் மருந்து சூடேறாது.

இந்த அறிகுறி தெரிந்தால் யோசிக்கவே கூடாது

தலைவலி, அதிகச் சோர்வு, தசைப்பிடிப்பு, குமட்டல் ஆகியவை முதல் எச்சரிக்கை. நிழலுக்குக் கூட்டிவந்து, துணியைத் தளர்த்தி, தண்ணீர் கொடுத்து, ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

பேச்சு குழறினாலோ, இடம் பொருள் தெரியாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ, மயங்கினாலோ அது வெப்ப வாதமாக இருக்கலாம். 'வயசாயிடுச்சு, ஏதோ உளறுறாரு' என்று விட்டுவிடுவதுதான் இங்கே உயிரைப் பறிக்கும் தவறு. உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டு, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி வைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது.

போனில் என்ன கேட்கலாம்?

தனியாக இருக்கும் பெற்றோருக்காகப் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். மதியம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். பெரியவர்களுக்கான தேசிய உதவி எண் 14567-ஐ அவர்கள் போனிலேயே பதிந்து கொடுங்கள். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் வீடென்றால் பகல் பொழுதுக்கு வேறு நிழலான இடம் ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். காற்றே அனலாக இருக்கும்போது வெறும் ஃபேன் உதவாது, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால்தான் குளிர்ச்சி.

கடைசியாக, அந்த போன் கால். 'வெளிய போவாதப்பா' என்றால் 'சரி' என்ற பொய்தான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "காலைல எங்கப்பா போய்ட்டு வந்த? மத்தியானம் யார் யார் தாயம் ஆடுனீங்க? நேத்து பாரதத்துல எது வரைக்கும் வந்துச்சு?"

பதில் சொல்ல அவரிடம் ஏதாவது இருந்தால், அந்தக் கோடை நல்ல கோடைதான்.